சின்ன ராணிக்குக் கொண்டுபோன ஏலக்காய்

மதினி,

இன்று காலை டீயில் தட்டிப் போட ஏலக்காய் எடுத்தேன். பச்சை மாறாத, வயிறு உப்பிய காய். விரலால் அமுக்கியதும் அப்படியே நசுங்கிவிட்டது. உள்ளே ஏலரிசி ஒன்றுகூட இல்லை. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் வெறும் தோல். யாரோ நகத்தால் கீறி, அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டு, தோலை மறுபடி மூடி முழுக்காய் மாதிரி டப்பாவில் போட்டிருக்கிறார்கள். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

காயைக் கீறி அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்ப்பது போடியில் எல்லா வியாபாரிக்கும் உள்ள பழக்கம்தான். கீறின காயை மூடி வைத்து நாத்தனாரை ஏமாற்றுவது உங்கள் ஒருத்தருக்கு மட்டும் உள்ள பழக்கம். விருந்தாள் வந்து உட்கார்ந்திருக்கும்போது அவசரமாக டப்பாவைத் திறப்பேன், கையில் சக்கை வரும், கூடத்தில் நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். உங்களுக்கு வயசுதான் ஆகிறது, புத்தி வரவில்லை என்று எத்தனை தடவை வைதிருப்பேன். இந்த டப்பாவைப் போன வாரம் நிரப்பியவள் நான். இந்த வீட்டில் இப்போது இருப்பதும் நான் ஒருத்திதான். நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது.

அண்ணன் இறந்த பிறகு நாம் இரண்டு பேரும்தானே இந்த வீடு. நான் மருந்துக்கடையைத் திறக்கக் கிளம்புவேன், நீங்கள் குரங்கணிக்கு மேலே இருக்கிற நம் தோட்டத்துக்கு ஜீப்பேறுவீர்கள். ஒரு தடவை உங்களோடு நானும் வந்தேன். காய் எடுப்பு முடிந்து மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்த ஸ்டோரைத் திறக்கிற நாள் அது. விறகு மூட்டிக் காய் உலர்த்துகிற அந்தக் கட்டடத்தின் முன்னால் சாவியோடு நின்று, கதவை விரலால் தட்டி, "நாங்கதான், உள்ள வர்றோம்" என்று சொல்லிவிட்டுச் சற்று நின்றீர்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அடைத்துக் கிடந்த இடத்தில் யாராவது உட்கார்ந்து பழகியிருப்பார்கள், சட்டென்று நுழைந்தால் சங்கடப்படுவார்கள் என்றீர்கள். பேய்க்குக்கூட மரியாதை பார்க்கிற ஒரே முதலாளியம்மா நீங்கள்தான் என்று ஜீப் இறங்கும் வரைக்கும் கேலி செய்துகொண்டே வந்தேன்.

உங்களுக்கு அரண்மனைப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் அண்ணன் மதுரையில் நாயக்கர் மகாலைச் சுற்றிக் காட்டினாராம். அங்கே இருந்த காவலாளியிடம் "இங்க படுக்க விடமாட்டாங்களா?" என்று கேட்டீர்களாம். அண்ணன் சாகிற வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீங்கள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. காய் ஏலம் விடுகிற மையத்தில் காத்திருக்கிற நேரமெல்லாம் போனில் ராஜஸ்தான் அரண்மனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் வந்து என் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள்.

"புகையிலயே கெடந்துட்டேன்த்தா. ஒரு வாட்டியாச்சும் ராணி மாதிரி படுத்து எந்திரிக்கணும். நீயும் வா."

ஜெய்ப்பூர், ஜோத்பூர், உதய்ப்பூர், எல்லாம் ஓட்டலாக மாறிய பழைய அரண்மனைகள். சிக்கனம் பேசிய என் வாயை அடைத்துவிட்டீர்கள். ஆனால் பயணத்தை ஏற்பாடு செய்த மதுரை டிராவல்ஸ் பெண்ணைப் படாதபாடு படுத்திவிட்டீர்கள், மதினி. ஏசி உண்டா, ஏரி தெரியுமா என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்த அறையில் முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டீர்கள். போன வாரம் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார் என்றாள் அவள். "அதுக்கும் முன்னாடி, தாயி" என்றீர்கள்.

பாவம், அவள் அங்கே விசாரித்துச் சொன்னாள். உதய்ப்பூரைத் தாண்டி ஒரு சின்ன அரண்மனை. அதில் பின்கட்டு அறைகள் பெண்கள் இருந்த பக்கமாம். ஒரு சின்ன ராணி கல்யாணமாகி உள்ளே போனவள் கடைசி வரைக்கும் வெளியே வரவே இல்லையாம். அந்த அறை வேண்டாம் என்றால் ஏரிப் பக்கம் மாற்றித் தருகிறேன் என்றாள். எனக்கு அதுவே சரியென்று பட்டது. நீங்கள் அந்த அறைதான் வேண்டும் என்று நின்றீர்கள்.

பாவம், அந்த ராணிப் பிள்ளை ஒரு ஊரும் பார்த்திருக்காது என்றீர்கள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று நம் தோட்டத்துக் காயில் நல்லதாகப் பொறுக்கி ஒரு துணிப்பையில் கட்டினீர்கள். "நாம அவுக வீட்டுக்குப் போறோம்ல, கெளம்பும்போது நம்ம ஊருக்கும் வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும்த்தா. அதுதான மொறை" என்றீர்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

தையில் பயணம் என்று முடிவு. கார்த்திகையில் நீங்கள் ஸ்டோர் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஜீப் போடிக்கு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எல்லோரும் பயணத்தை ரத்து செய்யச் சொன்னார்கள். நான் போனேன். போடியில் ரயில் ஏறும்போது பக்கத்து இருக்கையில் அந்தத் துணிப்பையை வைத்து, வாங்க மதினி போவோம் என்று சொன்னேன். நம்பிக்கையெல்லாம் இல்லை. உங்களை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஜெய்ப்பூரில் மெத்தையில் படுத்துக்கொண்டு உங்களைத் தேடினேன். ஜோத்பூரில் கோட்டை மதிலில் நின்று தேடினேன். ஒரு சின்ன அடையாளம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஒன்றும் இல்லை. அத்தனை அழகான ஊர்களில் நான் அழுதுகொண்டே திரிந்தேன்.

கடைசியாக அந்தப் பின்கட்டு அறை. உங்களுக்காகக் கதவைத் தட்டினேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெட்டி தூக்கி வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கல்லில் சல்லடை மாதிரி துளை போட்ட ஜன்னல், துளையில் கண்ணை வைத்தால் தெரு தெரியும், தெருவில் இருப்பவருக்கு நாம் தெரியமாட்டோம். அந்த ஜன்னல் விளிம்பில் நம் காயை ஒரு கை அள்ளி வைத்தேன்.

விடிந்ததும் ஓடிப்போய் ஒவ்வொரு காயாக அமுக்கிப் பார்த்தேன். அமுக்கினதெல்லாம் முழுக்காய். உங்கள் கைபட்டது ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் சில காய்களை மட்டும் யாரோ உரித்திருந்தார்கள். தோலை மெல்லிசாக, நார் நாராகக் கிழித்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பொழுது போகாதவர்கள் செய்கிற வேலை. அறை கூட்ட வந்தவராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கதவை உள்ளே தாழ் போட்டிருந்தேன் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. நீங்கள் வரவில்லை என்ற ஒரே துக்கம்தான்.

கிளம்பும்போது கோபத்தில், நீங்கள் முறை என்று சொன்னதற்காக, அந்த ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். "எங்க மதினி சொல்லச் சொன்னாக. போடிக்கு வந்தா வீட்டுக்கு வாங்க. மதினியையும் எங்கயாச்சும் பாத்தா கூட்டிட்டு வாங்க."

தையில் கூப்பிட்டது. இன்று டப்பாவில் அந்த வெறும் தோல்களைப் பார்த்ததும் கையில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன், மதினி. அத்தனை நாளும் கேட்டது கிடைத்துவிட்டது. எங்கே சுற்றிவிட்டு வருகிறீர்கள், இவ்வளவு நாளா என்று வையக்கூடச் செய்தேன்.

பிறகு வழிந்த பாலைத் துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினேன். அடுப்படி ஜன்னல் விளிம்பில், தெருவைப் பார்த்த பக்கம், ஏலக்காய்த் தோல் நார் நாராக, வரிசையாக அடுக்கியிருந்தது.

பயந்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். துணியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடிவந்து, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மட்டும் என்றால் எனக்கென்ன பயம். கூட வந்திருப்பவளுக்கு நம் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. ஆனால் கூப்பிட்டவள் நான். வந்தவர்களை அடுப்படியில் விட்டுவிட்டு எவ்வளவு நேரம் இங்கே உட்கார்ந்திருப்பது? அது முறையில்லை என்று நீங்களே சொல்வீர்கள்.

இதற்கிடையே வாசலில் பால்காரரிடம் புதுப்பால் வாங்கி வைத்திருக்கிறேன். இனி எழுந்து போய் டீ போட வேண்டும். நான் பிறந்து வளர்ந்த வீடு, என் அடுப்படி. அதன் கதவை இப்போது நான் விரலால் தட்டப் போகிறேன், மதினி. நான்தான், உள்ள வர்றேன்.