முனிக்குப் போதும்

தெய்வானைக்கு,

புதுக்கோட்டையில் மழையாமே. உன் அண்ணன் இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டாரா?

நம் கல்யாணத்தன்று உங்கள் வீட்டில், "மாப்பிள்ளைக்குக் குலதெய்வம் எந்த ஊரு?" என்று கேட்டார்கள். மலேசியாவில், பேராக்கில், சிம்பாங் பூலாய் தோட்டத்து முனி என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஒன்பது வருடம் விழுங்கினேன்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் எங்கள் முனி அங்கேதான் இருக்கிறார். கூரை கிடையாது, முகம் கிடையாது, வெறும் கல். அவருக்கு ஆடு வெட்டுவது எங்கள் குடும்பம். உன் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்த இந்த வருடப் பூசையன்று, நான் ஆடு வெட்டப் பாராங் கத்தியைக் கையில் எடுத்தபோது, அவர் அந்தக் கல்லின்மேல் காலை வைத்துச் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலை எடுங்க, அதான் சாமி!" என்று நீதான் கத்தினாய்.

அவர் எடுக்கவில்லை. "பொழைக்க வந்த எடத்துல கண்ட கல்லெல்லாம் சாமியா?" என்றார்.

தெரியாமல் வைத்த காலை மன்னித்திருப்பேன். தெரிந்தும் எடுக்காத காலுக்குத்தான் கத்தியை ஓங்கினேன். அவர் வலது கையை நீட்டித் தடுத்தார்.

அடுத்த மாதம் ஈப்போவில் வழக்கு. அங்கும் எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்பார்கள். இங்கே சண்டை வந்தால் இந்தியாவுக்குப் போ என்கிறார்கள். அங்கே நீங்கள் சிரிக்கிறீர்கள்.

உன் அண்ணனை நீ காரில் ஏற்றிப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பூசாரி கல்லில் வழிந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முனிக்குப் போதும்லா" என்று சொல்லி, ஆட்டை அவிழ்த்துவிட்டார்.

இன்னும் தாலி உன் கழுத்தில் இருந்தால்,
உன் புருஷன்