மீசைக்கு ஆகாத அடுக்களை

அண்ணே,

இன்று காலை மகளுக்குத் தலை வார விளக்கெண்ணெய்க் கலயத்தைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும், மேலுதடு எண்ணெயில் மினுங்க நீ வந்து நின்றாய். நீ இல்லாமல் போன பிறகும் இந்த வாடை உன்னைக் கூட்டி வந்துவிடுகிறது. தலைக்கு வைக்க மறந்தாலும் மீசைக்கு வைக்காமல் நீ படுத்ததில்லை. பத்தொன்பது வயதில் உனக்கு இருந்த அரும்புக்கு அத்தனை எண்ணெய் அதிகம்தான். நான் சொன்னதில்லை.

மீசையைப் பற்றி உனக்கு ஆசையைவிடப் பயமே பெரிது. "அடுக்களைக்குள்ள கால் வச்சா ஆம்பளைக்கு மீசை நிக்காதுய்யா" என்று நடக்கப் பழகும்போதே அம்மா உனக்குச் சொல்லிவைத்திருந்தாள். வளர்ந்த பிறகும் படிக்கு வெளியே நின்றுதான் தண்ணீர் கேட்பாய். உள்ளே ஆள் இல்லாவிட்டால், வரும்வரை தாகத்தோடு நிற்பாய்.

ஓர் ஆடிப்பூரத்துக்கு அப்பா எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போனார். நிறைசினையாக இருந்த பசுவுக்குக் காவலாக நீ மட்டும் இராஜபாளையத்தில் தங்கினாய். அம்மா சோறும் குழம்பும் ஆக்கிவைத்தாள். பரிமாற ஆள் இல்லை என்பதை மறந்துவிட்டாள். தெருவே தேருக்குப் போயிருந்தது.

மத்தியானம்வரை பொறுத்திருக்கிறாய். பிறகு முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியை எடுத்து, படிக்கு வெளியே நின்றபடியே சோற்றுப் பானையின் கழுத்தில் மாட்டி இழுத்திருக்கிறாய். நாங்கள் திரும்பியபோது பானை ஓடு ஓடாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் அடுக்களை நடுவில் நின்று சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. அதன் கொண்டைக்கு ஒரு குறையும் வரவில்லை.

"எம்புட்டுப் பசியோ எம்பிள்ளைக்கு!" என்ற அம்மா, என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, வார வருசம் நீ தேருக்கு வர வேண்டாம். இருந்து இவனுக்குச் சோறு போடு."

"பானைய ஒடச்சது அண்ணன்லா?"

"ஆம்பளப் பிள்ள வேற என்ன செய்வான்?"

மறு ஆடிக்குள் எனக்கு வ. புதுப்பட்டியில் பேசி முடித்துவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம். அந்தத் தேரை விட்டால் அடுத்தது மாமியார் மனசு வைத்தால்தான். பசுவும் பார்த்து அதே சமயத்தில் நிறைசினையாக நின்றது. வாசலில் வண்டி பூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அடுக்களையில் அழுதுகொண்டு கரண்டி கழுவினேன்.

படியில் நிழல் விழுந்தது. மூக்குக்குக் கீழே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நீ நின்றாய். கண்ணை மூடி, வலது காலை உள்ளே வைத்தாய்.

"கரண்டியக் குடு. நீ போ."

"மீசை?"

"காத்துப் படாமக் கட்டிருக்கேன். செத்த நேரந்தான. ஏட்டி, வண்டி போயிரும்!"

தேர் பார்த்தேன். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தேன். வீடு திரும்பியதும் அம்மா பானையைப் பார்க்கவில்லை. விளக்கைத் தூக்கி உன் முகத்தைப் பார்த்தாள். மீசை அப்படியே இருந்தது.

"துண்டு கட்டுனதால தப்பிச்சுது" என்றாள். நீயும் ஆமென்று தலையாட்டினாய்.

பெண் புத்தகம் தொட்டால் புருஷன் உடம்புக்கு ஆகாது என்று என் மாமியார் சொல்கிறார். நம் வீட்டிலும் அதைச் சொல்லித்தான், எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததுமே பள்ளியை நிறுத்தி என்னை வளர்த்தார்கள். இவர் கடைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறேன். எத்தனையோ படித்த பிறகும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நெஞ்சு திக்கென்கிறது. நீயும் மெய்யென்று நம்பிக்கொண்டேதானே உள்ளே வந்தாய்? அந்தத் தைரியம்தான் எனக்கு நீ விட்டுப்போனது. இவர் இரண்டு தும்மல் தும்மினால் மறுநாள் ஒரு பக்கம் குறைத்துக்கொள்கிறேன். நிறுத்தவில்லை.