அம்மாவின் பெட்டிக்கு இழைத்த பலகைகள்

கருமத்தம்பட்டி
5.9.2024

அன்பு மகள் எழிலுக்கு,

நீயும் மாப்பிள்ளை யஷ்வந்தும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் மன்றாடிக்கொண்டு அப்பா எழுதுவது. நான் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அந்த அளவுக்கு நலம். அம்மாவின் முப்பதாம் நாள் பூசை போன வாரம் நடந்தது, பூவாத்தாள் அத்தைதான் வெள்ளகோவிலில் இருந்து வந்து எல்லோருக்கும் சமைத்துப் போட்டாள். என்னையும் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள், நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஐந்து வாரமாக நான் கூப்பிடும்போதெல்லாம் மாப்பிள்ளைதான் போனை எடுக்கிறார், எழில் தூங்குறாங்க மாமா, பிரஷர் இப்ப பரவாயில்லைங்க என்று சொல்லி வைத்துவிடுகிறார். அவர் குரலை வைத்தே நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. அதில் எனக்குக் கோபம் இல்லை கண்ணு. போனில் என்னால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன், மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

அடக்கம் நடந்த அன்று விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் நீ நியூசிலாந்தில் உட்கார்ந்து வீடியோவில்தான் அம்மாவைப் பார்த்தாய். அத்தை போனைப் பிடித்து அம்மாவின் முகத்தைக் காட்டும்போது அப்பா எங்கே என்று கேட்டாய். பின்னால கொட்டாய்ல பலகை இழைச்சுட்டு இருக்குது கண்ணு உங்கப்பா என்று அவள் உள்ளதைச் சொன்னாள். அம்மாவை அடக்கம் பண்ற அன்னைக்கும் அவருக்கு மரவேலைதானா என்று கேட்டு நீ வைத்துவிட்டாய். பக்கத்து வீட்டு லட்சுமணசாமி அன்றைக்கு மரியாதைக்காகத் தன் தறிகளை எல்லாம் நிறுத்தியிருந்தார், தெருவில் என் இழைப்புளிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. உனக்கும் அது கேட்டிருக்கும் என்று நினைத்து நினைத்துத்தான் இத்தனை நாளும் போகிறது.

நான் இழைத்தது அம்மாவின் பெட்டிக்கு. போன வருஷம் காற்றில் சாய்ந்த நம் வீட்டு வேப்ப மரத்தை மில்லில் கொடுத்து ஏழு பலகையாக அறுத்து வைத்திருந்தேன் அல்லவா. குழந்தையோடு நீ வந்தால் படுக்க ஒரு கட்டில் செய்துவிடுங்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். கொட்டகையில் ஒரு பக்கம் ஒழுகியதில் பலகைகள் ஈரம் வாங்கி, காயும்போது முறுக்கிக்கொண்டன. மேஜை மேல் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடும். அன்று உன் மாமன்கள் அவிநாசியில் தயாராக இருக்கும் பெட்டியை எடுத்து வந்துவிடலாம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். முறுக்கின பலகையில் பெட்டி அடித்தால் மூடி உட்காராது, ஒரு மூலை வாய் பிளந்து நிற்கும், ஆகையால் விடிந்ததும் பலகைகளை மட்டப்படுத்த உட்கார்ந்தேன். பலகை ஆடாமல் இருக்க அடியில் ஆப்பு வைத்து, இரண்டு முனையிலும் குறுக்கே ஒவ்வொரு நேர்க்குச்சியை வைத்து, குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். குச்சிகள் இரண்டும் ஒரே நேராகத் தெரிகிற வரைக்கும் தூக்கின மூலைகளைச் சீவ வேண்டும். பிறகு மறுபடி குச்சியை வைத்துப் பார்க்க வேண்டும். கண் நிறைந்துகொண்டால் குச்சி தெரியாது, துடைத்துவிட்டுத் திரும்பக் குனிவேன். மெஷின் இருக்கையில் எதற்கு மாப்பிள்ளை கையில் இழைக்கிறீர்கள் என்று பெரிய மாமன் கேட்டார். நான் அடுத்த பலகையை எடுத்து வைத்தேன். மத்தியானத்துக்குள் ஆறு பலகை ஆயிற்று, பெட்டியை அடித்தேன். மூடி ஒரு நூல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைத் தடவிப் பார்த்துப் பெண்டாட்டி மேல் எத்தனை பிரியம் என்றார்கள், எனக்கு அந்தப் பேச்சுப் பொறுக்கவில்லை.

ஆறு பலகை என்று எழுதினேன், ஏழாவதை நான் தொடவில்லை. அது முந்தின நாள் காலையிலேயே மெஷினில் மட்டமாகித் தயாராக நின்றது. இத எடுத்துக்கலாமல்லோ அண்ணா, ஒரு பலகை வேலை மிச்சம் என்று அத்தை கேட்டாள். எழில், அந்தப் பலகையை நான் மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா கூப்பிட்டாள். சத்தத்தில் கேட்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொன்னேன். அது பொய். பலகையைத் திருப்ப மெஷினை நிறுத்தினேன், அப்போது அடுப்படியிலிருந்து ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க என்று கேட்டது. காபிக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். பலகை கிட்டத்தட்ட மட்டமாகியிருந்தது, இன்னும் ஒரு ஓட்டம்தான் பாக்கி. வாரேன் என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டேன். ஒரு ஓட்டம் மூன்றாயிற்று, பிறகு பலகையைத் துடைத்துத் தடவிப் பார்த்து அழகு பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிஷம் இருக்கும். போனபோது கிரைண்டர் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாள். அடுப்பை அணைத்திருந்தாள். அடுப்பை அணைக்கிற அளவுக்கு அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது, எனக்கு நடந்து வரத்தான் நேரம் இல்லை.

உடனே கொண்டு வந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாதுங்க என்றார் டாக்டர். பிழைத்திருக்க மாட்டார் என்றும் அவர் சொல்லவில்லை. அதனால்தான் மறுநாள் அம்மா பக்கத்தில் என்னால் உட்கார முடியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு கொட்டகைக்குள் போய் ஒளிந்தேன், பெட்டி செய்தது பிரியத்தில் பாதி, பயத்தில் பாதி. நீ என் மேல் கோபப்பட்டது சரிதான், ஆனால் நீ நினைத்த காரணத்துக்கு அல்ல, இதற்காகப் படு. போன ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை, புள்ளைக்குத் தெரியோணுமுங்கண்ணா, பெத்த புள்ளை தெரியாம இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். இந்த நேரத்தில் உனக்கு எழுதலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன், எழுதுங்க மாமா, நான் பார்த்துக் கொடுக்கிறேன் என்றார். ஆகையால் இது அவர் கையால் உனக்கு வரும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்க வேண்டியவள் கல்லறையில் இருக்கிறாள். நீ பேசினாலும் பேசாவிட்டாலும் இந்த மாசக் கடைசியில் பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும், அதற்குத் தினமும் மாதா கோவிலில் மெழுகுவத்தி வைக்கிறேன். பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதே, ஊறுகாயைக் குறை, கால் வீங்கினால் மேலே தூக்கி வைத்துப் படு. மாதாவும் உன் அம்மாவும் உனக்கும் குழந்தைக்கும் துணையிருப்பார்கள், என் ஆசீர்வாதமும் உண்டு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், உடம்புக்கு என்னவாவது தோன்றினால் ஒரு தடவை கூப்பிட்டதோடு நிறுத்தாதே. மாப்பிள்ளை வாரேன் என்று சொன்னாலும் அவர் வந்து எதிரில் நிற்கிற வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இரு அம்மணி.

இப்படிக்கு,
உன் அப்பா
பிரான்சிஸ்