தாணுவுக்கு வந்த செருப்பு

சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்

என் மனைவி செல்வ மங்கலத்துக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அம்மைக்கு முட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம். கன்னம் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, கவலைப்படாதே.

கம்பெனி இங்கே சூனியக்காரி நாடகம் போடுகிறது. ஊரில் வாந்திபேதி பரவ, ஒரு பாவப்பட்ட விதவைமேல் பழி விழுகிற கதை. இத்தனை வருஷம் நான் கட்டிய அந்த விதவை வேஷம் இப்போது சின்னப் பையன் தாணுவுக்கு. அவனுக்கு இன்னும் மீசைகூட முளைக்கவில்லை. நான் ஊர்க்கூட்டத்தில் ஒருவன். முதலில் கை நீட்டிக் கத்துகிறவன்.

நேற்று, "இவளாக்கும் ஊரைக் கெடுத்தவ" என்று கத்தினேன். கொட்டகையே எழுந்து நின்றது. "அடிக்கெடா அவளெ" என்று தரை டிக்கெட் மொத்தமும் மலையாளத்தில் கூச்சல். தாணுவைக் குறிவைத்து ஒரு செருப்பு பறந்து வந்தது. பட்டது என் கன்னத்தில்.

படுதா விழுந்ததும் நாடக வாத்தியார் தாணுவைக் கட்டிக்கொண்டார். "ஜனம் செருப்பு எறியுதுன்னா, அதுதாண்டே நடிப்பு" என்றார். ஜனத்தைக் கிளப்பிவிட்டது நான். ஒத்திகையில் ஒருநாளும் எனக்கு அப்படிக் குரல் வந்ததில்லை. அவன் முகத்தைப் பார்த்துக் கத்தியபோது, அது நாடகம் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

சீயக்காய்ப் பொடி தீர்ந்துவிட்டது, யாரிடமாவது கொடுத்தனுப்பு. இனி உனக்கு நீள முடி எதற்கு, கிராப் வெட்டிக்கொள் என்கிறார் வாத்தியார். நான் வெட்டவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். கத்தப் போக வேண்டும்.

பூதலிங்கம்