என் பெயரில் மூன்றாவது போன்

2014 ஆடி 9, வெள்ளிக்கிழமை

இன்று வாசலில் இருந்தவர்கள் நான், மகன் சேகர், பேத்தி கவிதா, கூரியர்காரர், வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டு வசந்தா. நான் கேட்காத போனை எவனோ என் பெயரில் கம்ப்யூட்டரில் வாங்கியது இது மூன்றாவது தடவை. என் பேரன் என்று சொல்லித் தெருமுனையிலேயே அதை வாங்கிக்கொண்டு, போன் வரவில்லை, பணத்தைத் திருப்பித் தா என்று என் பெயரில் புகாரும் கொடுத்திருக்கிறான்.

"இன்னா ஆயா, வாங்கிக்கினு வரலன்றியே?" என்று கூரியர்காரர் ஒரு சீட்டைக் காட்டினார். பேரனிடம் கொடுக்கவும் என்று எழுதி, கீழே என் கையெழுத்து. கடைசி எழுத்து சரிந்து, அச்சாக நான் போடுவது போலவே.

எங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்க வரும் கம்பெனிப் பிள்ளைகள் சிம்முக்கு, கேஸ் சிலிண்டருக்கு என்று கேட்டால் ரேஷன் கார்டு ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். எட்டு வருஷத்தில் பதினேழு பேர். அத்தனை பேரும் ஊரோடு ஞாபகம் இருக்கிறார்கள். அவர்களில் இதைச் செய்தவன் எவன் என்றுதான் தெரியவில்லை.

"மூட மூட புதுக் கணக்கு தொறக்குறான் ஆயா, நான் இன்னா பண்றது?" என்று, என் பெயரில் இருக்கும் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் மூடிக்கொண்டு வரும் கவிதா அழுதாள்.

வசந்தா காதில் விழும்படி சேகர் கேட்டான்: "நெசமா சொல்லும்மா, நீ வாங்கலியே?"

பதினேழு பேரில் யாரைத் திட்டுவேன்? மன்னிக்க மாட்டேன் என்று ஒரு பெயரைத்தான் எழுத முடிகிறது. சேகர்.