முப்பதடி மேற்கே

வெள்ளிமலை
30-8-87

அன்புள்ள இளவரசர் அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். என்னால் மற்றவர்கள்தான் அவ்வளவு நலமில்லை. அம்மா தினமும் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு குவார்ட்டர்ஸுக்கு வந்து மிச்ச ஊசியை என் மேல் வார்த்தையால் போடுகிறார்.

உங்கள் கம்பெனி ஆட்கள் மலைக்கு வந்துவிட்டார்கள். புது ரோடு போகும் வழியெல்லாம் சிவப்பு பெயிண்ட் பூசிய மர முளைகளை அடித்துக்கொண்டு போகிறார் சர்வேயர் தெய்வசிகாமணி. அவர் சர்வேயர் இல்லை, 'சர்வமும் நானே'யர். "ஏய் பொண்ணு, முளையத் தொட்டே, கைய ஒடச்சிப்புடுவேன்" என்றார். தொடும் எண்ணமே அதுவரை எனக்கு இல்லை.

ஒரு சந்தேகம். ரோட்டுக்குப் படம் வரைகிறவனும் நீ, மண் வெட்டுகிறவனும் உன் கம்பெனி. அப்புறம் கவர்ன்மெண்ட்டு இன்னாத்துக்கு?

இப்படிக்கு,
உன் இம்சைவள்ளி
(பள்ளி ரிஜிஸ்டரில் அம்சவள்ளி)

சேலம்
7-9-87

அன்புத் தங்கைக்கு,

பத்தாம் வகுப்பு என்பதை நினைவில் வை. முளைகள் பக்கம் போகாதே.

நல்ல கேள்விதான். பழைய வழியில் அரசாங்க இன்ஜினியர் படம் போடுவார், காண்ட்ராக்டர் வெட்டுவார். நடுவில் பாறை வந்தால் "படம் தப்பு" என்பார் இவர், "வெட்டினது தப்பு" என்பார் அவர். கடிதம் மேல் கடிதம் போகும், ரோடு அப்படியே நிற்கும். இந்த ஒரு ரோட்டுக்கு மட்டும் பரீட்சார்த்தமாக இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு அகலம், இவ்வளவு ஏற்றம், இத்தனை மாதம். அது சரியாக இருக்கிறதா என்று அரசாங்கம் பார்க்கும். மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு. மேல்பகுதிக்கு நான் படம் போடும்போதே கீழே மெஷின் ஓடும். சண்டையே கிடையாது.

படத்தின் மூலையில் என் பெயர் வருகிறது, வள்ளி. அப்பா இருந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். அடுத்த மாதம் வேலையை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்கிறார்கள். அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
இளவரசன்

வெள்ளிமலை
16-9-87

அன்புள்ள அண்ணா,

படித்ததும் திட்டு. ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

போன வாரம் பதினொரு முளைகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றையும் பன்னிரண்டு எட்டு எடுத்து வைத்து மேற்கே தள்ளி நட்டேன். சர்வமும் நானேயர் வந்து தலையைச் சொறியட்டும், தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று இருந்தேன். அவர் கள்ளக்குறிச்சிக்குப் போனவர் வரவில்லை. வந்தது வெட்டுகிற ஆட்கள். அவர்கள் முளையை அப்படியே நம்பிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். திருப்பி நடப் போனேன், காவலுக்கு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

கோடு இந்த ஊர் பெரியம்மாளின் கிணற்று மேல் போகிறது. பாறையில் அவங்களும் புருஷனும் மூன்று வருஷம் வெட்டிய கிணறு. இப்போது அவர் இல்லை, கிணறும் அரை ஏக்கர் சாமையும்தான் இருக்கின்றன. "இன்னா பாப்பா, என் கெணத்து மேலயா ரோடு போட்டுக்கினு வராங்க? யாருகிட்ட சொல்றது?" என்று என்னிடமே கேட்டாங்க. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

நீ படத்தைப் பார்த்து 'கோடு தப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை முதல் இட ஒதுக்கீட்டு மறியலாம், பஸ் ஓடாதாம். இன்றைக்கே கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வள்ளி

சேலம்
28-9-87

வள்ளி,

உன் கடிதம் மறியலில் மாட்டி நேற்றுத்தான் வந்தது.

21-ஆம் தேதி சைட்டிலிருந்து போன் வந்தது: "படத்துக்கும் தரைக்கும் முப்பதடி ஒத்துவரல." ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், என்னால் மலைக்கு வர முடியாது. மெஷினுக்கு வாடகை ஓடுகிறது. மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். "தரைக்கு ஏத்த மாதிரி படத்த மாத்துய்யா. நம்ம படந்தானே, யாரைக் கேட்கணும்?" மாற்றினேன். கையெழுத்தும் போட்டேன். அந்த நிலத்துக்குப் பட்டா இல்லாததால் படத்தில் கிணறே கிடையாது.

உன் கடிதம் வந்ததும் மேனேஜரிடம் போய், யாரோ விளையாட்டாக முளையை நகர்த்திவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன், உன் பெயரைச் சொல்லவில்லை. "திருப்பி வெட்டினா செலவு நம்ம தலையில. அகலம் சரியா இருக்கு, ஏத்தம் சரியா இருக்கு. உன் கையெழுத்தும் இருக்கு" என்றார்.

தயவுசெய்து வாயைத் திறக்காதே. பெரியம்மாளுக்கு ஏதாவது நஷ்டஈடு வாங்கித் தரப் பார்க்கிறேன். இந்த வேலை போனால் அம்மாவின் சம்பளம் மட்டும்தான்.

இளவரசன்

வெள்ளிமலை
9-10-87

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மா எனக்குக் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தார்.

திங்களன்று மெஷின் கிணற்றுக்கு இருபதடி வரை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போகாமல் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்குப் போய் அரசாங்க இன்ஜினியரைப் பார்த்தேன். முளையை நகர்த்தியது நான் என்றேன். அவர் நம்பவில்லை. எத்தனை முளை, எத்தனை எட்டு, எந்தப் பக்கம் என்று சொன்ன பிறகு பழைய படம், நீ மாற்றிய படம் இரண்டையும் மேஜையில் விரித்தார். "நாங்க அகலத்தையும் ஏத்தத்தையும்தாம்மா பாத்தோம்" என்றார் மெதுவாக. பிறகு படத்தின் மூலையைப் பார்த்து, "யாரு இந்த இளவரசன்?" என்றார்.

என் அண்ணன் என்றேன். அவர் டீ வாங்கித் தந்தார்.

புதன்கிழமை வேலையை நிறுத்திவிட்டார்கள்.

நீ முதலில் எழுதிய கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். சண்டையே கிடையாது என்று பெருமையாக எழுதியிருந்தாய். நம் வீட்டில் நானும் நீயும் சண்டை போடாத நாள் உண்டா? நீ வைத்த கணக்கின் தப்பை நான் கண்டுபிடித்ததும், நான் ஒளித்த மார்க் ஷீட்டை நீ கண்டுபிடித்ததும் அதனால்தானே. உன் ஆபீசில் உனக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. அந்த ஆள் இருக்கவேண்டிய இடத்தில் நான் இருந்தேன், ஆனால் தப்பைக் கண்டுபிடிக்காமல் முளையைப் பிடுங்கிவிட்டு.

தண்டனை எனக்கு வரவேண்டியது. உனக்கு வருகிறது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அம்சவள்ளி

சேலம்
24-10-87

அம்சவள்ளிக்கு,

என் முதல் படத்தின்படி பழைய கோட்டிலேயே வெட்டச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. செலவு கம்பெனியுடையது. என்னை நேற்றோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. சீக்கிரம் போகும் என்று பொய் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். இறங்கும் இடத்துக்கு நீ வரவேண்டாம். இரண்டு நாள் என்னிடம் பேச்சும் கொடுக்காதே.

ஞாயிறு காலை பெரியம்மாளின் நிலத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. இரண்டு தடவை அந்த இடத்தைப் படமாகப் போட்டிருக்கிறேன். அந்தக் கிணற்றை நான் இன்னும் பார்த்ததில்லை.

இளவரசன்