என் அறை போன்

16.9.1999, வியாழன்

இரும்பு வார்க்கும் என் பவுண்டரியில் கரண்ட் இல்லை. ஆட்களை அனுப்பிவிட்டு மத்தியானத்துக்கு முன்பே வீடு வந்துவிட்டேன். பத்மாவதி ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பவுண்டரிக் கணக்குக்காக வாங்கியது. அங்கே தூசியில் கெட்டுவிடும் என்று வீட்டில் வைத்தேன். காந்திபுரத்தில் ஒரு வகுப்புக்குப் போய்விட்டு வந்து இப்போது அதற்கு அவள்தான் முதலாளி. போன் வயரை அதன் முதுகில் செருகுகிறாள். அது கீச்சென்று கத்துகிறது. பிறகு இன்டர்நெட் வருகிறது.

மேனேஜரிடம் பேசலாம் என்று என் அறைக்குப் போய் அங்கிருக்கும் போனை எடுத்தேன். ஹால் போனும் இதுவும் ஒரே லைன். காதுக்குள் தகரத்தைக் கிழித்த மாதிரி சத்தம். உடனே வைத்துவிட்டேன். ஹாலில் அவள் குரல் கேட்டது: "அய்யோ, கட்டாயிப்போச்சே!"

யாருக்கு எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாதா என்ன.

18.9.1999

இன்றும் எடுத்தேன். மேனேஜரிடம் பேச ஒன்றும் இல்லை.

20.9.1999

நியாயமாகப் பார்த்தால் என் கோபத்திலும் அர்த்தம் உண்டு. ஒரே மகன். ரவிதேஜாவுக்காகப் பெருந்துறை பங்காரம்மா வீட்டில் பெண் பேசி வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டு வந்தேன். அவன் மெல்பர்னில் கூட வேலை பார்த்த நேஹாவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு தகவல் சொன்னான். பங்காரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்லீங்க, உடுங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

அன்றைக்குச் சொன்னேன், இனி இந்த வீட்டில் அவன் பேச்சு இருக்கக் கூடாது என்று. பெற்றவள் பத்மாவதி தலையாட்டினாள். சொன்ன சொல்லை அவள் மீறவில்லை. பேசவில்லை, டைப் அடிக்கிறாள்.

22.9.1999

சாப்பாடு போடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "டிசம்பர்ல வரலாமான்னு கேக்கறாங்க."

"யாரு?"

"கேக்கறவங்க. நாம ரெண்டு பேரும் வரச் சொன்னாத்தான் டிக்கெட் போடுவாங்களாமுங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லோணுமாமுங்க."

"ரசம் ஊத்து" என்றேன்.

நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அவளுக்குக் கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவாள், மரியாதையும் கூடிவிடும். ஒரு வருஷமாக வீட்டில் தமிழ்தான்.

27.9.1999, திங்கள்

மத்தியானம் முழுக்க ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி. நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு கட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடித்துவிட்டாள் என்று புரிந்தது.

நான் வரச் சொன்னதாக எழுதியிருப்பாளோ? நான் எப்போது சொன்னேன்? பெருந்துறைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

எழுந்து போய் போனை எடுத்தேன்.

எழுதியது அத்தனையும் போய்விட்டது என்றாள். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் திரும்ப எடுத்தேன். இதை எழுதவே கூசுகிறது.

1.10.1999

கெடு முடிந்துவிட்டது. பத்து நாள் பொறுப்பதாக அங்கிருந்து இன்னொரு கடிதம் வந்திருக்கிறதாம். படிக்க வருகிறது, எழுதி அனுப்பும்போதுதான் அறுந்துபோகிறது என்று புலம்பினாள். காலையில் படிக்கும்போது நான் பவுண்டரியில் இருக்கிறேன், மத்தியானம் எழுதும்போது வீட்டில், வேறென்ன.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஜாவித்தை வரச் சொல்லியிருந்தாள். உக்கடத்திலிருந்து சரவணம்பட்டி வரைக்கும் மொபெட்டில் வந்தார். மோடத்தைக் கழற்றி வேறொன்று போட்டார். வயரை மாற்றினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்கண்ணா, இதே லைன்ல வேற போன் ஏதாச்சும் இருக்குதுங்களா? அதை எடுத்தாலும் கட்டாவுமுங்க."

"உள்ள ஒண்ணு இருக்குது. அது டெட்டுங்க. ரொம்ப நாளாச்சு."

சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன், பத்மாவதி காபி டம்ளரோடு நிற்கிறாள். முந்தின நாள் ராத்திரி அதே போனில் அரைமணி நேரம் இரும்பு வியாபாரியோடு சத்தம் போட்டேன். அவளும் கேட்டிருப்பாள்.

"காபி ஆறுதுங்க" என்று ஜாவித்திடம் நீட்டினாள்.

6.10.1999

ஜாவித் மறுபடி வந்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். அவள் சேர்த்து வைத்திருந்த ரவியின் பழைய கடிதங்களும் அதோடு போயின. சாயங்காலம் திரும்பவும் கட்டானது. கட்டாக்கியது நான். கட்டானதும் ஹாலுக்கு வந்து, பெரிய மனுஷன் மாதிரி ஜாவித்தைப் பிடித்துக்கொண்டேன்:

"வேலை தெரியாட்டி தெரியலீன்னு சொல்லிப்போடோணுமுங்க. நாள்கணக்கா இழுக்கறதா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்கயோ நாந்தான் தப்புப் பண்ணியிருப்பனுங்கண்ணா. நாளைக்கும் வாரேனுங்க." காபி குடிக்காமலே போய்விட்டார்.

சே. என்ன மனுஷன் நான்.

12.10.1999

இன்று எடுத்தபோது ஹாலில் "அய்யோ" சத்தம்கூட வரவில்லை. சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்தேன்.

திரையில் ஒரு படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. கறுப்பு முடி, நெற்றி, ஒரு புருவம். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நான் எடுத்த இடத்தில் நின்றுவிட்டது.

"யாரு?" என்று கேட்டேன்.

"பொண்ணு பொறந்திருக்குதுங்க. ஹர்ஷிணின்னு பேரு." திரையில் அந்த நெற்றியை விரலால் தொட்டாள். "மீதி வரலீங்க."

எனக்குப் பேத்தி பிறந்ததே இன்றுதான் தெரியும். கண்ணுக்கு மேலே வெட்டிவிட்டேன்.

இனி அந்த போனைத் தொட மாட்டேன். சத்தியம்.

18.10.1999, திங்கள். ஆயுத பூஜை

பவுண்டரியில் பூஜை முடித்து, பூசணி உடைத்து, ஆட்களுக்குப் பொரியும் துணியும் கொடுத்து வீடு வர மத்தியானம். இங்கே பத்மாவதி தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மணை, ஸ்கூட்டர், கம்ப்யூட்டர் என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். பூஜையில் வைத்ததை இன்று தொடக் கூடாது. வீடு அமைதியாக இருந்தது. எனக்கும் இன்று தப்புச் செய்ய வழி இல்லை.

19.10.1999, விஜயதசமி

நல்ல நாள், எதையும் இன்று தொடங்கினால் நிலைக்கும் என்பார்கள். பத்மாவதி குளித்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அறையில் நின்றேன். கீச்சென்ற சத்தம் வந்தது. பிறகு அடங்கிவிட்டது. சேர்ந்ததா, இல்லையா?

கேட்க மட்டும்தான் எடுத்தேன். கெடுக்க இல்லை. — யாருக்குச் சொல்கிறேன் இதை? எடுத்தாலே கட்டாகும் என்று எனக்குத் தெரியாதா?

டிபனுக்கு உட்கார்ந்தேன். இட்லி வைக்க வந்தவள் என் பக்கத்தில் நின்றுவிட்டாள். என் முகத்தைத் திருப்பி, முந்தானையால் என் காதைத் துடைத்தாள். முந்தானையில் மஞ்சளும் சிவப்புமாக ஒட்டியிருந்தது.

"சந்தனம் ஒட்டியிருக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான்.

அறைக்குப் போய்ப் பார்த்தேன். போனில் நான் காதில் வைக்கும் பக்கம் தடவியிருக்கிறது. பொட்டை யாரும் அந்தப் பக்கம் வைப்பதில்லை. டெட் ஆன போனுக்குப் பொட்டு வைப்பதும் இல்லை.

இட்லி தட்டிலேயே இருந்தது.

22.10.1999

கம்ப்யூட்டருக்கு மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள். போன் வயரைச் சுருட்டி வைத்துவிட்டாள். வழக்கம் போல சமைக்கிறாள், பரிமாறுகிறாள். ஒரு வார்த்தை கேட்டால் தேவலாம். பங்காரம்மா திட்டாதது போலவே இவளும் திட்ட மாட்டேன் என்கிறாள். எங்கள் ஊர் மரியாதை ஆளைக் கொல்லும்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் சமையலறைக்குப் போனேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

25.10.1999

ஜாவித்தின் கடைக்கே போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், திட்டு வாங்கத் தயாராக. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உங்க வேலைல தப்பு இல்லீங்க. நாந்தான் போனை எடுத்து எடுத்துக் கெடுத்துப்போட்டேன். வேணும்னே."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அம்மாவோட கடுதாசியெல்லாம் அழிச்சிருக்க மாட்டனேங்கண்ணா" என்றார். அவருக்கு அதுதான் வருத்தம்.

கூடவே வந்தார். என் அறை போனைக் கழற்றச் சொன்னேன்.

"டெட்டுன்னீங்களே?"

"ஆமாங்க. இப்ப டெட் பண்ணிப்போடுங்க."

பத்மாவதி அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஜாவித்துக்குக் காபி கொண்டுவந்தாள். இந்த முறை குடித்தார்.

26.10.1999

துண்டு அப்படியே இருந்தது. நானே எடுத்தேன். பட்டனை அமுக்கினேன். ஏதேதோ வந்தது, ஒன்றும் புரியவில்லை. முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பத்மா, இதுல வரச் சொல்லி எப்படி எழுதறது?" என்று தெலுங்கில் கேட்டேன்.

கை துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியை விட்டு எழச் சொல்லவில்லை. இன்னொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வயரைச் செருகினாள். ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினாள். நான் தட்டினேன். "ரவி, வாங்க. மூணு பேரும். நைனா." இவ்வளவுக்கே வேர்த்துவிட்டது.

போய்ச் சேர்ந்தது என்றாள். ஆனால் அந்தப் பத்து நாள் எப்போதோ முடிந்துவிட்டது.

28.10.1999

பதில் இல்லை.

29.10.1999

இல்லை.

9.11.1999, செவ்வாய்

தீபாவளி முடிந்து இன்றுதான் பவுண்டரி திறந்தது. நான் போகவில்லை. மத்தியானம் மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, காலைல இருந்து கூப்புடறேன், உங்க போன் எந்நேரமும் எங்கேஜ்டாவே இருக்குதுங்க. ஏதாச்சும் ரிப்பேருங்களா?"

"ரிப்பேர் இல்லீங்க. உக்காருங்க" என்றேன்.

கம்ப்யூட்டர் முன்னால் பத்மாவதி வாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். படம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூக்கு வரைக்கும் வந்திருந்தது.

"டிசம்பர்ல டிக்கெட் கிடைக்கலியாம், பொங்கலுக்கு வர்றாங்களாம்" என்று திரும்பாமலே சொன்னாள். தெலுங்கில் சொன்னாள்.